கோப்பைக் கணக்கும் சீடர் கணக்கும்

ஒரு கால்பந்து கிளப் தன் பயிற்சியாளரை வெளியேற்றும்போது, மறுநாள் பத்திரிகைச் செய்தியில் மூன்று எண்கள் தவறாமல் இருக்கும்: எத்தனை ஆட்டங்களில் வெற்றி, எத்தனை டிரா, எத்தனை தோல்வி. அவருடைய உழைப்பு முழுவதும் அந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிட்டதாக வாசகரும் நினைத்துக்கொள்வார். இந்த அளவுகோல் எவ்வளவு போதாதது என்பதற்கு ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் இருக்கும் எம்டிகே கிளப்பைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1888-ல் தொடங்கி, 1901-ல் கால்பந்துக்குள் வந்த கிளப் அது. நாட்டின் லீக் பட்டத்தை 23 முறை வென்றிருக்கிறது. ஆனால் அவற்றில் 12 பட்டங்கள் 1925-க்குள் வந்தவை. கடைசிப் பட்டம் 2008-ல் வந்தது. 2011-க்கும் 2022-க்கும் இடையே மட்டும் நான்கு முறை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. கோப்பைகளை மட்டும் எண்ணினால், வாழ்ந்து கெட்ட பெரிய வீட்டின் கணக்குப் புத்தகம் போலத்தான் இருக்கும். அந்தக் கிளப்பில் பயிற்சி தந்தவர்களிடமிருந்தும் அங்கே ஆடியவர்களிடமிருந்தும் எத்தனை பயிற்சியாளர்கள் கிளம்பினார்கள் என்று எண்ணத் தொடங்கினாலோ, கணக்கு ரோம், மிலான், நியூரம்பெர்க், லிஸ்பன், ரியோ, லிமா, கெய்ரோ என்று நீண்டுகொண்டே போகிறது. ஒரு பயிற்சியாளரை எடைபோட இந்த இரண்டாவது கணக்கே நம்பகமானது என்பது என் கருத்து.

கதை ஒரு நிர்வாகியிடமிருந்து தொடங்குகிறது. 1905-ல் கிளப்பின் தலைவரான ஆல்ஃப்ரெட் ப்ரூல் செல்வந்தர். ஹங்கேரியா சாலையில் சொந்த மைதானம் கட்டி 1912-ல் திறந்தார். மைதானத்தைவிட முக்கியமாக அவர் செய்தது, பயிற்சியாளர் என்ற வேலைக்கே ஒரு மதிப்பு இருக்கிறது என்று நம்பியது. அந்தக் காலத்தில் கால்பந்தின் தாயகமான இங்கிலாந்தில்கூட ஆட்டக்காரர்களுக்கு யாராவது ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. ஓடவிடுவார்கள், எடை தூக்கவிடுவார்கள், பந்தை மட்டும் வாரம் முழுவதும் கண்ணில் காட்ட மாட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் பந்துக்குப் பசி இருக்க வேண்டுமாம். ப்ரூலோ 1911-ல் ஜான் டெய்ட் ராபர்ட்சனை வரவழைத்தார். செல்சீ கிளப்பின் முதல் ஆட்டக்காரர்-மேலாளராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் அவர். தரையோடு சின்னச் சின்னப் பாஸ்களாகப் பந்தை நகர்த்தும் ஸ்காட்லாந்து பாணி அவரோடு புடாபெஸ்டுக்கு வந்தது. அவருக்குப் பின், உலகப்போரின் புண்ணியத்தில், ஜிம்மி ஹோகன் வந்தார். லங்காஷயரின் நெல்சன் என்ற ஆலை ஊரில் 1882-ல் பிறந்த இந்த ஆங்கிலேயர், 1914-ல் போர் மூண்டபோது வியன்னாவில் பயிற்சியாளராக இருந்தார். எதிரி நாட்டுக் குடிமகன் என்று கைது செய்யப்பட்டு, கடைசியில் எம்டிகே நிர்வாகிகளின் முயற்சியால் புடாபெஸ்ட் வந்து சேர்ந்தார். போலீஸ் கண்காணிப்பில் இருந்தபடியே பயிற்சி கொடுத்தார்.

ஹோகன் என்ன கற்றுக்கொடுத்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்து வருகிறது. எல்லாப் பயிற்சியும் பந்தோடுதான். வருகிற பந்தை ஒரே தொடுதலில் அடக்குவது, அடக்கும்போதே அடுத்த பாஸ் எங்கே என்று தெரிந்துவைத்திருப்பது, இரண்டு காலாலும் அடிப்பது, பாஸ் கொடுத்தவுடன் சும்மா நிற்காமல் காலி இடத்துக்கு நகர்வது. இன்று பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடங்கள்; அன்று வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கே புதுசு. பின்னாளில் ஜெர்மனியின் டிரெஸ்டனில் அவர் நடத்திய வகுப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. ஜெர்மன் மொழி காலை வாரிவிட, கேட்டவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். இடைவேளையில் உள்ளே போனவர் கால்பந்து உடையில் திரும்பி வந்தார். ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு, வெறுங்காலால் ஓங்கி அடித்ததில் பந்து பட்ட மரப்பலகை பிளந்ததாம். வாயால் சொல்லத் தடுமாறியதைக் காலால் சொன்னவர். புடாபெஸ்டில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் இதைவிட அமைதியானது. பூங்காவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த ஜ்யோர்ஜ் ஓர்த், யோஜெஃப் ப்ரௌன் என்ற இரண்டு பள்ளிக்கூடப் பையன்களைப் பார்த்துப் பிடித்துவந்து, பள்ளி முடிந்த பிறகு அவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். இருவருமே ஹங்கேரி தேசிய அணியின் நட்சத்திரங்கள் ஆனார்கள்.

1916-17 சீசன் தொடங்கி 1924-25 வரை எம்டிகே தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்றது. கோப்பைக் கணக்குக்காரர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த ஒன்பது ஆண்டுகளையும் ஒரே பயிற்சியாளர் நடத்தவில்லை. 1918-ல் போர் முடிந்ததும் ஹோகன் ஊர் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு அதே கிளப்பின் முன்னாள் ஆட்டக்காரர் இசிடோர் கூர்ஷ்னர் வந்தார். பிறகு மான்செஸ்டரின் இரண்டு கிளப்புகளுக்கும் ஆடியிருந்த ஹெர்பர்ட் பர்ஜெஸ் வந்தார். நாற்காலியில் ஆள் மாறியது, ஆட்டம் மாறவில்லை. 1925-ல் ஹோகனே திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் இருந்தார். அந்த ஆண்டுகளில் எம்டிகே ஒரு லீக் பட்டமும் வெல்லவில்லை, பட்டங்கள் ஊரின் இன்னொரு மூலையில் இருந்த ஃபெரென்ஸ்வாரோஷுக்குப் போயின. அதே ஆள், அதே கிளப், அதே பாடம். எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் முதல் ஹோகனை மேதை என்பார், இரண்டாம் ஹோகனைத் தோற்றவர் என்பார். இரண்டுமே அந்த மனிதரைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

இப்போது சீடர்கள். கூர்ஷ்னர் ஜெர்மனிக்குப் போய் 1921-ல் நியூரம்பெர்க் அணியை சாம்பியனாக்கினார். சுவிட்சர்லாந்தில் கிராஸ்ஹாப்பர் அணியை வளர்த்தார். 1937-ல் பிரேசிலின் ஃப்ளமெங்கோவுக்குப் போனார். அங்கே அவருக்குத் துணையாக இறக்கிவைக்கப்பட்ட ஃப்ளாவியோ கோஸ்டா முதலில் அவரைக் கேலி செய்தார். பிறகு அவர் கொண்டுவந்த முறையையே தன் வசதிக்கு வளைத்துக்கொண்டு, 1950 உலகக்கோப்பையில் பிரேசிலின் பயிற்சியாளராக நின்றார். எம்டிகேயில் ஆடிய கோன்ராட் சகோதரர்களில் கால்மான், பயர்ன் மியூனிக், ஸ்லாவியா பிராக் என்று பல அணிகளைப் பார்த்துக்கொண்டார். யெனோ நியூரம்பெர்க்கில் பயிற்சியாளரானார். தடுப்பாட்டக்காரர் ஜ்யூலா ஃபெல்ட்மன் இத்தாலியில் ஃபியோரென்டினா, இன்டர் அணிகளுக்குப் பயிற்சி தந்தார். ஆல்ஃப்ரெட் ஷாஃபர் 1942-ல் ரோமா அணிக்கு அதன் முதல் இத்தாலிய லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். பூங்காவில் கண்டெடுக்கப்பட்ட ஓர்த் 1930-ல் முதல் உலகக்கோப்பையில் சிலியின் பயிற்சியாளர். 1959-ல் லிமாவில் இங்கிலாந்தை 4-1 என்று வீழ்த்திய பெரு அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1920-களின் தொடக்கத்தில் எம்டிகேயில் நடுக்களத்தில் ஆடிய பேலா குட்மன் 1961, 1962 ஆண்டுகளில் பென்ஃபிகாவுக்கு இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வென்றார். ஆங்கிலேயர் பர்ஜெஸ்கூட இத்தாலிக்குப் போய் மிலான், ரோமா அணிகளை நடத்தினார். ஒரு கிளப்பின் உடைமாற்றும் அறையிலிருந்து இத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு கனமானது. இவர்கள் பரப்பப் போகவில்லை, துரத்தப்பட்டார்கள். எம்டிகே, புடாபெஸ்டின் யூத நடுத்தர வர்க்கத்தோடு பிறப்பிலிருந்தே சேர்த்துப் பேசப்பட்ட கிளப். 1919-20-ல் ஹங்கேரியில் நடந்த வெள்ளைப் பயங்கரமும், பல்கலைக்கழகங்களில் யூதர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய 1920-ன் சட்டமும் பலரை வியன்னாவுக்கும் அதற்கப்பாலும் தள்ளின. போன இடத்திலும் நிம்மதி கிடைக்கவில்லை: 1932-ல் நாஜி ஏடு ஒன்று வசைபாடியதும் யெனோ கோன்ராட் நியூரம்பெர்க்கை விட்டுக் கிளம்பினார். யூதர்களுக்கு எதிரான சட்டங்களின் நெருக்கடியில் 1940-ல் எம்டிகே மூடப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் அதன் தலைவராக இருந்த ப்ரூல் 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இந்த வரலாற்றை மறைத்துவிட்டு, உலகெங்கும் சீடர்கள் என்று பெருமை பேசுவது அநியாயம். அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்பதற்குத்தான் இது பதில். போன ஊரில் அவர்களை ஏன் வேலைக்கு எடுத்தார்கள் என்பதற்குப் பதில் இதில் இல்லை. அகதியாக வந்தவருக்கு நியூரம்பெர்க்கோ ஃப்ளமெங்கோவோ இரக்கப்பட்டு அணியை ஒப்படைக்கவில்லை. அவர் கையில் அங்கே இல்லாத ஒரு கல்வி இருந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுணுக்கமானது: இந்தக் குரு-சீடர் பரம்பரையே பின்னாளில் கட்டப்பட்ட கதை என்பது. 1953 நவம்பர் 25 அன்று லண்டனின் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த அணியும் அதற்கு முன் அந்த மைதானத்தில் இங்கிலாந்தை வென்றதில்லை. ஆட்டம் முடிந்ததும் ஹங்கேரி கால்பந்து சங்கத் தலைவர் ஷான்டோர் பார்ச், தங்களுக்குக் கால்பந்து கற்றுத்தந்தவர் ஜிம்மி ஹோகன் என்றார். தேசியப் பயிற்சியாளர் குஸ்தாவ் ஷெபெஷும் ஹோகனின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். தோற்றுப்போன ஆங்கிலேயரைக் குத்துவதற்கு இதைவிட நாகரிகமான வழி இல்லை என்பது உண்மைதான். போர் முடிந்து ஊர் திரும்பிய ஹோகன், போரால் பாதிக்கப்பட்ட கால்பந்துக்காரர்களுக்கான உதவியைக் கேட்டு இங்கிலாந்து சங்கத்துக்குப் போனபோது, எதிரி நாட்டில் இருந்தவர் என்ற குத்தலோடு மூன்று ஜோடி காலுறைகளைக் கொடுத்து அனுப்பினார்கள் என்ற கதையையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், ஹங்கேரியர்களின் பாராட்டில் இருந்த காரம் புரியும். மேலும், அந்த 6-3-க்கு அடித்தளம் போட்ட மூளை எம்டிகேயில் ஆடி வளர்ந்தவரே இல்லை. மார்ட்டன் புகோவி, போட்டிக் கிளப்பான ஃபெரென்ஸ்வாரோஷின் ஆட்டக்காரர். ஜாக்ரெப் நகரில் கிராஜான்ஸ்கி அணிக்குப் பயிற்சி தந்துவிட்டு 1947-ல் எம்டிகேக்கு வந்தவர்.

ஆனால் புகோவி அங்கே செய்ததைப் பார்த்தால், இந்த மறுப்பே என் வாதத்துக்குச் சாட்சி சொல்கிறது. அன்றைய வழக்கப்படி சென்டர் ஃபார்வர்ட் என்பவர் எதிரணி கோலுக்கு முன்னால் முட்டிமோதும் பலசாலி. அப்படிப்பட்ட ஒருவரை எம்டிகே இத்தாலியின் லாசியோவுக்கு விற்றுவிட்டது. அந்த இடத்துக்கு இன்னொரு பலசாலியைத் தேடாமல், பேட்டர் பலோட்டாஷ் என்ற நுட்பமான ஆட்டக்காரரைப் பின்னால் இழுத்து நடுக்களத்திலிருந்து பந்தைப் பரிமாறவிட்டார் புகோவி. பிறகு நாண்டோர் ஹிடெக்குட்டி அதே வேலையைப் பிரமாதமாகச் செய்தார். வெம்பிளியில் இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டனுக்கு ஹிடெக்குட்டியின் பின்னால் ஓடுவதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று கடைசிவரை விளங்கவில்லை. ஹிடெக்குட்டி மூன்று கோல் அடித்தார், முதல் கோல் முதல் நிமிடத்திலேயே. இந்த யோசனை எம்டிகேயில் எடுபட்டதற்குக் காரணம், காலில் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்த ஆட்டக்காரர்களை அந்தக் கிளப் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருந்தது. ஷெபெஷே 1927 முதல் 1940 வரை அந்தக் கிளப்பில் ஆடியவர்தான். ஹோகனைப் புகோவி நேரில் பார்த்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை. பாடம் ஆளைவிட்டு இடத்தில் தங்கிவிட்டது. புகோவி இருந்த ஆண்டுகளில் கிளப்பின் பெயர்கூட நிலையாக இல்லை: டெக்ஸ்டைல்ஸ், பாஸ்ட்யா, செங்கொடி என்று பொருள்படும் வோரோஷ் லோபோகோ என்று அரசு மாற்றிக்கொண்டே இருந்தது. கிளப்பைக் கையில் வைத்திருந்தது ரகசியப் போலீஸ். அந்த அசிங்கத்தையும் பதிவு செய்துவிட வேண்டும்; அதற்கு நடுவில்தான் இந்தக் கண்டுபிடிப்பு நடந்தது. அதே அணிக்காகத்தான் 1955 செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை பலோட்டாஷ் அடித்தார்.

குட்மனைக் காட்டியும் ஒரு கேள்வி வரலாம். இந்தப் பள்ளியின் பிள்ளைகளில் அதிகம் கோப்பை வென்றவர், எங்கேயும் நிலைத்து நிற்காதவர் அல்லவா? மூன்றாவது சீசன் ஆளைக் கொல்லும் என்று சொல்லிக்கொண்டே ஊர் ஊராய்ப் போனவர். 1948-ல் கிஷ்பெஷ்ட் அணியில் அவர் வெளியே வரச்சொன்ன ஆட்டக்காரரை, ‘நீ உள்ளேயே இரு’ என்று இளம் ஃபெரென்ஸ் புஷ்காஷ் தடுத்துவிட்டார். கோபித்துக்கொண்ட குட்மன் மேலே போய் அமர்ந்து குதிரைப் பந்தயப் பத்திரிகையைப் படித்துவிட்டு, டிராம் ஏறி வீட்டுக்குப் போனார், திரும்பி வரவே இல்லை. சீடர்களைச் சேர்க்கும் சுபாவம் இல்லாத மனிதர்தான். ஆனாலும் 1962-ல் அவர் விலகிய பிறகு பென்ஃபிகா 1963, 1965, 1968 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போயிருக்கிறது. அவர் சபித்ததால்தான் கோப்பை கிடைக்கவில்லை என்று லிஸ்பனில் இன்னமும் பேசுகிறார்கள். சாபத்தை விடுங்கள், அவர் போன பிறகும் ஆறு ஆண்டுகளில் மூன்று இறுதி ஆட்டங்களுக்குப் போகிற அணியை அவர் விட்டுவிட்டுப் போனார் என்பதே எனக்குக் கண்ணில் படுகிறது.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. சீடர்கள் முளைக்க இருபது ஆண்டுகள் ஆகும். ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற பயிற்சியாளரைத் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய நிர்வாகிக்கு இந்தக் கணக்கால் என்ன பயன்? நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லவில்லை. இன்றே பார்க்கக்கூடிய அறிகுறிகள் சில இருக்கின்றன: அவருடைய உதவியாளர்கள் யார், உள்ளூர்க்காரர்களா, அவர்களிடம் அவர் எதை ஒப்படைக்கிறார், அணியின் மூத்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்கிறார்களா, அவர் போனால் அடுத்தவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்குமா. நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஃபெரென்ஸ்வாரோஷின் முன்னாள் பயிற்சியாளரான ஹங்கேரியர் சாபா லாஸ்லோ 2020-21 சீசனில் சென்னையின் எஃப்சியின் பயிற்சியாளராக இருந்தார். அணி எட்டாம் இடம் பிடித்தது, அவர் கிளம்பினார், பேச்சு அதோடு முடிந்தது. அவரிடமிருந்து இங்குள்ள பயிற்சியாளர்கள் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்ட கட்டுரை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தமிழகத்தின் முன்னாள் முன்கள வீரர் சபீர் பாஷா அதே கிளப்பில் ஆண்டுக்கணக்கில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். 2022-ல் சில ஆட்டங்களுக்கு இடைக்காலப் பொறுப்பு கிடைத்தது, அடுத்த சீசனுக்கு மறுபடியும் வெளிநாட்டவரே வந்தார். வெளிநாட்டவரைக் கூட்டிவருவதில் தவறே இல்லை. ப்ரூல் செய்ததும் அதுதான். ஆனால் ஹோகனுக்குப் பின் அவர் கூர்ஷ்னரிடம் அணியைக் கொடுத்தார்.

இன்றைய எம்டிகேகூட இந்தப் பாடத்தைப் பாதியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. 1987-ல் யோஜெஃப் வெரெபெஷ் 29 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் வாங்கித் தந்தார். 2008-ல் யோஜெஃப் கராமி வாங்கித் தந்ததே கடைசிப் பட்டம். மூன்றே ஆண்டில் அணி இரண்டாம் பிரிவில் கிடந்தது. இடையில் 2001-ல் ஆகார்ட் என்ற ஊரில் தொடங்கிய பயிற்சிக்கூடம் நல்ல ஆட்டக்காரர்களைத் தந்தது. கோல்கீப்பர் பேட்டர் குலாச்சி அங்கிருந்து லிவர்பூலுக்குப் போய், பிறகு ஜெர்மனியில் பெயர் வாங்கினார். ஆட்டக்காரரை வளர்த்து விற்பது வருமானம் தரும் வேலை. பயிற்சியாளரை வளர்ப்பதில் கிளப்புக்கு ஒரு காசு வராது, அதனால் அது யாருடைய வேலையாகவும் இல்லாமல் போகிறது.

எம்டிகேயின் நூற்றாண்டு காலப் பயிற்சியாளர்களில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், இரண்டாவது முறை வந்து ஒரு லீக் பட்டமும் வெல்லாமல் போன ஹோகனுக்கே என் ஓட்டு. அடுத்த இடம் புகோவிக்கு: அவருடைய சீடர் ஹிடெக்குட்டி 1961-ல் ஃபியோரென்டினாவோடு ஐரோப்பாவின் கோப்பை வென்றோர் கோப்பையை வென்றார், 1973 முதல் 1980 வரை கெய்ரோவின் அல் அஹ்லியில் இருந்து ஐந்து லீக் பட்டங்கள் பெற்றுத் தந்தார். அந்த இருவருக்கும் மேலே, பயிற்சியே தராத ஆல்ஃப்ரெட் ப்ரூலின் பெயரை எழுதிவைப்பேன். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவரைத் தேடிப்பிடித்து, சம்பளம் கொடுத்து, அவர் வேலையில் தலையிடாமல் இருந்தது அவர்தான்.